குழந்தை பேசும்போது எப்படிக் கேட்பது: வீட்டுக்கும் வகுப்பறைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். காதால் கேட்பதும் கேட்பதுதான், கேள்வி கேட்பதும் கேட்பதுதான். "சொன்னா கேளு" என்று பிள்ளையை அதட்டும்போது அதே சொல்லுக்குக் கீழ்ப்படி என்று பொருள். ஒரு நாள் முழுக்க உங்கள் வீட்டில் இந்தச் சொல் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். நாம் சொன்னதைப் பிள்ளை கேட்க வேண்டும் என்பது காலையிலிருந்து இரவு வரை ஓடும். நாம் பிள்ளையைக் கேள்வி கேட்பது அதற்கு அடுத்தபடி. பிள்ளை சொல்வதை நாம் உட்கார்ந்து கேட்பது மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இருபது வருடங்களுக்கு மேல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்திருக்கிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். வேலைக்கு வந்து பல வருடம் நான் பிள்ளைகளை நன்றாகக் கேட்கிறவள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அவர்களைக் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையின் எண்ணம் முழுதாக வெளியே வருவதற்குள் என் அடுத்த கேள்வி போய் நின்றுவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு வகுப்பிலும் வீட்டிலும் நான் மாற்றிக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றாகப் பழகுங்கள்.

முதல் படி: நேரத்தைச் சரியாகப் பிடிப்பது

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"
"ஒண்ணுமில்ல."

இந்த இரண்டு வரிகள் பேசப்படாத வீடே இருக்காது. பிள்ளை மறைக்கிறான் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் அவன் எதையும் மறைப்பதில்லை. பகல் முழுக்க மணிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டு வருகிறான். பசி இருக்கும். பல பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கிக்கொண்டே வருவார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் பாட்டிலை நிறையத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அந்த நிமிடத்தில் அவனுக்கு வேண்டியது கழிப்பறை, தண்ணீர், சாப்பிட ஏதாவது, கொஞ்சம் விளையாட்டு. வாசலிலேயே கேள்வியோடு நிற்காதீர்கள். அரை மணி நேரம் விடுங்கள்.

அப்படியானால் பிள்ளைகள் எப்போது பேசுவார்கள்? பெரும்பாலும், கைக்கு ஒரு வேலை இருந்து, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பேசுவார்கள். முருங்கைக்கீரை உருவும்போது, துணி மடிக்கும்போது, தலை வாரிப் பின்னும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து முதுகில் சாய்ந்திருக்கும்போது. எதிரே உட்கார வைத்து "இப்ப சொல்லு" என்றால் அது விசாரணை போல ஆகிவிடுகிறது. பக்கத்தில் இருந்தால் பேச்சு தானாக வருகிறது. எங்கள் வீட்டில் விளக்கை அணைத்த பிறகு வரும் பத்து நிமிடம்தான் பெரிய நேரம். முக்கியமான எதையும் என் மகள் வெளிச்சத்தில் சொன்னதில்லை.

அந்தப் பத்து நிமிடம் போதும். வேலைக்குப் போகும் அம்மா அப்பாக்கள் இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் விழ வேண்டியதில்லை. நாள் முழுக்க அரைக் காதோடு இருப்பதைவிட, பத்து நிமிடம் முழுக் காதோடு இருப்பது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

முடியாத நேரத்தில் முடியாது என்றே சொல்லுங்கள். "ம்ம், ம்ம், சொல்லு" என்று குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்வதைவிட, "குக்கர் இன்னும் ரெண்டு விசில் வரணும் தங்கம். அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்து கேக்குறேன்" என்பது நேர்மையானது. ஆனால் சொன்னபடி போய் உட்கார வேண்டும். பிள்ளை மறந்திருந்தாலும் நீங்கள் போய், "என்னமோ சொல்ல வந்தியே" என்று நினைவுபடுத்துங்கள்.

உடம்பும் கேட்க வேண்டும்

1975-ல் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். அம்மா தன் கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுகிறாள். பிறகு சில நிமிடம் அங்கேயே இருந்தபடி முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். அம்மா எங்கும் போகவில்லை, எதிரேதான் இருக்கிறாள். அவள் முகம் மட்டும் பதில் சொல்லவில்லை.

செல்போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்கு 'ம்' கொட்டும் நம் முகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும். அதனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் போனை வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தாலும் கை அதற்குத்தான் போகும். சின்னப் பிள்ளையாக இருந்தால் தரையில் உட்காருங்கள், அல்லது குனிந்து முகம் முகத்துக்கு நேராக வரும்படி இருங்கள். அவ்வளவுதான். தலையை ஆட்டுவது, கண்ணை விரிப்பது எல்லாம் கவனம் இருந்தால் தானே வரும்.

மூன்று எண்ணுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும் என்று எதையாவது சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் பதில் வரவில்லையென்றால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிச் சொல்கிறார், வேறு பிள்ளையிடம் போகிறார், அல்லது தானே விடையைச் சொல்லிவிடுகிறார். அந்த இடைவெளியை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, கேட்காமலேயே பேச முன்வந்தவர்கள் அதிகமானார்கள், பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. 1970-களில் வந்த ஆய்வு இது. ஆனால் இன்றைக்கும் நம் வகுப்புகளில் அதே ஒரு வினாடிதான்.

காத்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, நீங்கள் கேட்ட பிறகு. இன்னொன்று, பிள்ளை பேசி நிறுத்திய பிறகு. இரண்டாவதுதான் கடினம். பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால் முடித்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அது மூச்சு வாங்குகிறது, அல்லது அடுத்ததைச் சொல்லலாமா என்று நம் முகத்தைப் பார்க்கிறது. நான் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். முதல் வாரம் அந்த மூன்று வினாடி முப்பது வினாடி போல் இருந்தது. வகுப்பில் எப்போதும் கை தூக்கும் நான்கு பேரைத் தாண்டி ஐந்தாவது ஒரு கை மெதுவாக மேலே வந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன்.

திக்கிப் பேசும் பிள்ளையிடம் இது இன்னும் முக்கியம். அவன் தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டுப் பேசு" என்றும் சொல்ல வேண்டாம். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவன் முடிக்கும்வரை இருங்கள்.

திருப்பிச் சொல்வதும், உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும்

மகள் வந்து, "நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்கிறாள். வழக்கமாக நம் வாயில் வருவது: "ஏன், என்ன ஆச்சு? யாரு என்ன சொன்னா? டெஸ்ட் இருக்கா? லீவெல்லாம் போட முடியாது." நான்கு வாக்கியங்கள், ஒன்றுக்கும் இடைவெளி இல்லை. அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விடுவாள்.

இன்னொரு விதம் இப்படி:

"போகவே பிடிக்கலையா?"
"ம். அவ என்கூடப் பேசமாட்டேங்குறா."
"ஓ..."
"சாப்பாட்டு நேரத்துல வேற பிள்ளைங்க கூடப் போயி உக்காந்துட்டா."
"உன்னை விட்டுட்டுப் போயிட்டான்னு வருத்தமா இருந்துச்சா?"
"வருத்தமில்ல. என் டிபன் பாக்ஸப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

கவனியுங்கள். அம்மாவின் ஊகம் தவறு. ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பிள்ளையே திருத்திவிட்டது. உண்மையான காரணம் கடைசி வாக்கியத்தில்தான் வந்தது. முதல் வாக்கியத்திலேயே நாம் தீர்ப்பு சொல்லியிருந்தால் லீவு வேண்டும் என்பதற்குத்தான் பதில் சொல்லியிருப்போம், அவமானத்தைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

திருப்பிச் சொல்வது என்றால் கிளிப்பிள்ளை போல் சொன்னதையே சொல்வது இல்லை. பிள்ளை சொன்னதிலிருந்து நமக்குப் புரிந்ததைச் சின்னதாக, 'சரிதானா' என்ற தொனியில் வைப்பது. எல்லா வாக்கியத்துக்கும் செய்தால் பிள்ளைக்கு எரிச்சல் வரும். பல இடத்தில் 'ம்' போதும், 'அப்புறம்?' போதும்.

உணர்ச்சிகளுக்குத் தமிழில் எவ்வளவு சொற்கள் இருக்கின்றன! கோபம், எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, கூச்சம், அவமானம், பயம், தவிப்பு, ஏக்கம், சங்கடம். இதையெல்லாம் விட்டுவிட்டு 'அப்செட்', 'டென்ஷன்' என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பொறாமை என்ற சொல் தெரியாத பிள்ளைக்குத் தம்பியைக் கிள்ளுவதைத் தவிர வேறு வழி தெரியாது. "தம்பிய எல்லாரும் தூக்கி வச்சுக்கிறத பார்த்தா உனக்குப் பொறாமையா இருக்கா? பெரிய பிள்ளைங்களுக்கு அப்படி இருக்கும்" என்று பழி இல்லாமல் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால், கொஞ்ச நாளில் கிள்ளுவதற்குப் பதில் அதைச் சொல்ல வரும். பெயர் வைப்பதால் உணர்ச்சியின் வேகம் குறைகிறது என்பதற்கு மூளை ஆய்விலும் சான்று உண்டு. 2007-ல் மாத்யூ லீபர்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் பெரியவர்களிடம் கோபமான, பயந்த முகங்களின் படங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிந்தது.

வாயை அடைத்துவிடும் சொற்கள்

தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962-ல் கலிஃபோர்னியாவில் பெற்றோருக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினார். பிள்ளைகளின் பேச்சை நிறுத்திவிடும் பெற்றோர் பதில்களை அவர் 12 வகையாகப் பிரித்தார். கட்டளை, மிரட்டல், போதனை, கேலி போன்றவற்றோடு அறிவுரையும் சமாதானமும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முதலில் படித்தபோது சமாதானம் எப்படித் தடையாகும் என்று எனக்குப் புரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லும்போது பிள்ளையின் காதில் விழுவது "இதைப் பற்றி மேலே பேசாதே" என்பதுதான்.

நம் வீடுகளுக்கே உரிய சில வாக்கியங்களும் உண்டு. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" "ஆம்பளப் பிள்ள அழக்கூடாது." "பக்கத்து வீட்டு அக்காவப் பாரு, எவ்வளவு சமத்தா இருக்கா." "நீ மொதல்ல என்ன பண்ண, அதச் சொல்லு." "நாங்கல்லாம் உன் வயசுல..." இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, நாம் வளர்ந்த விதம் அது. உங்கள் வாயில் அடிக்கடி வருவது எது என்று ஒன்றை மட்டும் கண்டுபிடித்து அதை விடப் பாருங்கள். எனக்கு அது அறிவுரை. பிள்ளை பாதி சொல்லும்போதே தீர்வு தயாராகிவிடும். இப்போது ஒரு கேள்வியைப் பழகி வைத்திருக்கிறேன்: "இதுக்கு நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?" பாதிக்கு மேற்பட்ட நேரம் "சும்மா சொன்னேன்மா" என்றுதான் பதில் வரும்.

தப்பான விடையைக் கேட்பது

படிப்புக்கும் கேட்பதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் எண்களை வாயால் சொல்லி எழுதச் சொல்வது வழக்கம். தொண்ணூறு என்றேன். ஒரு சிறுமி 900 என்று எழுதினாள். தப்புப் போட்டேன். அடுத்த வாரமும் அதே. மூன்றாவது முறை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எப்படிம்மா எழுதின, எனக்குச் சொல்லேன்" என்றேன். விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு... அப்புறம் தொண்ணூறுதானே டீச்சர்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அவள் சொன்னதில் தர்க்கப் பிழையே இல்லை. நம் மொழியில் 90-க்கு நூறு என்று முடியும் பெயர். 900-க்கு ஆயிரம் என்று முடியும் பெயர், தொள்ளாயிரம். மற்ற எண்களில் இருக்கும் ஒழுங்கு ஒன்பதில் மட்டும் ஒரு படி ஏறி நிற்கிறது. அந்த ஒழுங்கைத் தானாகவே கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் மூன்று வாரம் தப்புப் போட்டிருக்கிறேன். 'கவனக்குறைவு' என்று அவள் நோட்டில் எழுதியும் இருக்கிறேன். கவனம் குறைந்திருந்தது என்னிடம்.

காரணம் தெரிந்த பிறகு திருத்துவது எளிது. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். ஒன்பது கட்டை வைத்து, "ஒன்பது பத்து, இதுக்குப் பேரு தொண்ணூறு" என்று சொன்னோம். "நீ சொன்ன மாதிரிதான் இருந்திருக்கணும், ஆனா இந்த ஒண்ணுக்கு மட்டும் பேரு இப்படி அமைஞ்சுபோச்சு" என்றும் சொன்னேன். அன்றைக்கே தீர்ந்தது.

இது மாதிரி இன்னும் எவ்வளவோ. நூற்றைந்து என்றால் 1005 என்று எழுதும் பிள்ளை, நூறு எழுதி ஐந்து எழுதுகிறது, காதில் விழுந்தபடியே. 52-இலிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதும் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது, பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுத்தால் இருபதையும் அதே மாதிரி போட்டுக் கொண்டுவரும்.

ஜான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இளைஞராக இருந்தபோது பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளில் வேலை பார்த்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவர் கவனமோ தவறான விடைகளின் மேல் போனது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியாகத் தவறு செய்வதைப் பார்த்து, ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அவர்களிடமே பேசிப் பேசிக் கேட்டார். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்ற அவரது வாழ்நாள் ஆராய்ச்சிக்குத் தொடக்கம் அதுதான்.

வீட்டில் செய்வதற்கு நான் பெற்றோரிடம் சொல்வது இது. வீட்டுப்பாடம் பார்க்கும்போது கையில் பேனாவோ அழிப்பானோ வைத்துக்கொள்ளாதீர்கள், கையில் இருந்தால் திருத்தத் தோன்றும். ஒரு கணக்கைக் காட்டி, "இத எப்படிப் போட்டன்னு சொல்லு" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை தெரிந்துகொண்டு உடனே ரப்பரைத் தேடும். பிள்ளை விளக்கும்போது இடையில் தப்பு தெரிந்தாலும் முழுதாகச் சொல்லவிடுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது தானே நின்று, "இரு இரு" என்று திருத்திக்கொள்வது அடிக்கடி நடக்கும். நீங்கள் முதலிலேயே காட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நான் மனதாரச் சொல்ல விரும்புவது இன்னொன்று. "எனக்குப் படிப்பு வராது டீச்சர், பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க" என்று கண் கலங்கும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஆங்கில வழியில் படிக்கும், இவர் எட்டாவதோடு நின்றிருப்பார். இந்த வேலைக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டாம். தெரியாமல் இருப்பது ஒருவகையில் நல்லதும்கூட. "எனக்குத் தெரியாது, நீ எனக்குச் சொல்லிக் கொடு" என்று நீங்கள் சொல்வது நடிப்பு இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். ஒளிச்சேர்க்கையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை, அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழில் சொல்லப் பார்க்கும்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்று அதற்கே தெரியவரும்.

அதோடு, இப்படி மாறி மாறிப் பேசுவதே மூளைக்கு உணவு. அமெரிக்காவில் நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, பிறகு அவர்கள் கதை கேட்கும்போது மூளையைப் படம் பிடித்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. பெரியவர்கள் எத்தனை சொற்கள் பேசினார்கள் என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதோடுதான் மொழிக்கான மூளைப் பகுதியின் செயல்பாடு பொருந்தி வந்தது. நாம் நிறையப் பேசினால் போதாது, பிள்ளையின் முறை வர வேண்டும்.

கேட்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு

"இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா தலை மேல ஏறிடாதா?" என்று தாத்தா பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேட்பதென்றால் விட்டுக்கொடுப்பது இல்லை. "எல்லாரும் போன் வச்சிருக்காங்க, உனக்கு மட்டும் இல்லைன்னா ஒதுக்கி வைக்கிற மாதிரி இருக்கு. புரியுது. ஆனா இப்ப வாங்கித் தர முடியாது" என்று முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒரே மூச்சில் சொல்லலாம். பிள்ளை அழும். அழட்டும், பக்கத்தில் இருங்கள். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும். இந்தியா 1992-ல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. முடிவெடுக்கும் பொறுப்பு பெரியவர்களிடமே இருக்கிறது. பிள்ளையைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

பேசாத பிள்ளையிடம்

எல்லாப் பிள்ளைகளும் வாயால் சொல்ல மாட்டார்கள். மூன்று நான்கு வயதில் விளையாட்டுதான் பேச்சு. செப்புச் சாமான் வைத்து விளையாடும்போது பொம்மையை டீச்சர் அடிக்கிறாள் என்றால், "பொம்மைக்கு வலிச்சுதா?" என்று அந்த விளையாட்டுக்குள்ளேயே நின்று கேளுங்கள். "உங்க மிஸ் அடிச்சாங்களா?" என்று உடனே வெளியே இழுக்க வேண்டாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் படம் உதவும். "இது என்ன?" என்று கேட்பதைவிட "இதப் பத்திச் சொல்லு" என்பது நல்லது. பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரவு பத்தரைக்குப் பசிக்கிறது என்று வெளியே வரும்போது தோசை ஊற்றிக்கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் அடுப்படியிலேயே நில்லுங்கள். மூன்றாவது தோசையில் ஏதாவது வரும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, அடிக்கடி "என்ன?" என்று கேட்கும் பிள்ளை, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும் பிள்ளை, சொல்வதைக் கேட்காத பிள்ளை என்று திட்டு வாங்கிக்கொண்டே இருக்கும். அதற்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தாலே கேட்கும் திறன் குறையும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றாலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தாலும், 'அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கனமான விஷயத்தைச் சொல்லும்போது

என்றாவது ஒரு நாள் பிள்ளை, யாரோ தன்னைத் தப்பாகத் தொட்டதாகச் சொல்லலாம். அந்த நிமிடத்தில் நீங்கள் கேட்கும் விதம் அதன் வாழ்க்கையையே தாங்கும், அல்லது உடைக்கும்.

கத்தாதீர்கள், முகத்தில் கோபத்தைக் காட்டாதீர்கள். பிள்ளை அந்தக் கோபம் தன் மேல்தான் என்று எடுத்துக்கொள்ளும். "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல." இந்த மூன்று வாக்கியங்களை இப்போதே மனப்பாடம் செய்து வையுங்கள், அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வராது. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். காப்பாற்ற முடியாது. "உன்னப் பாதுகாக்கச் சில பேர்கிட்டச் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிப்பதும், உறவினர்கள் முன் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் வேண்டாம். பிள்ளை பயன்படுத்திய சொற்களை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள்.

இந்தியாவில் 1098 குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். இலங்கையில் 1929. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் அது), இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. இது பள்ளிக்கும் பொருந்தும். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி, காவல் சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 'ஸ்டேஷனுக்குப் பிள்ளையை அலைய வைக்கணுமே' என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மனம் சோர்ந்து, சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையையும் 'சும்மா பயமுறுத்துறா' என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தவறிப்போகும் நாட்கள்

தவறிப்போகும். நானும் போன மாதம்கூட வினாத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஏதோ சொல்ல வந்த என் மகனிடம் கத்திவிட்டேன். இரவு அவன் படுத்த பிறகு போய், "சாயந்திரம் நீ பேச வந்த, நான் கத்திட்டேன். அது உன் தப்பில்ல, சாரிடா. இப்பச் சொல்றியா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து வண்டியில் போகும்போது அவனே ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்டவுடன் பிள்ளை பேசிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

வகுப்பில் முப்பது பேர் இருந்தால்

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது பேரையும் தினமும் கேட்க முடியாது. நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று பேர். பாடத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அவர்கள் சொன்ன ஒரு வரி, அவர்கள் சொன்ன மாதிரியே, என் கருத்து எதுவும் சேர்க்காமல். "பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க, இனிமே நான்தான் தம்பிய எழுப்பணும்." "ள-வும் ழ-வும் எனக்கு ஒரே மாதிரி கேக்குது டீச்சர்." பெற்றோர் வரும்போது மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் படித்துக் காட்டுவேன்.

ஜூன் மாதம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் எல்லாப் பக்கத்திலும் நாலைந்து வரி சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு பக்கம் காலியாகவே இருக்கும். பெரும்பாலும் நடு வரிசைப் பிள்ளைகள். சேட்டையும் செய்யாமல், முதல் மதிப்பெண்ணும் வாங்காமல், என் கண்ணில் படாமலேயே மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவர்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்றைக்கு அந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குவேன்.